மரியாதைக்கு மதிப்பெண்

தீவு நாட்டுத் தலைநகர் சுவாவின் அழகுக்கலைப் பள்ளியில் கடைசித் தேர்வு. மதிப்பெண் போட பிரிஸ்பேனிலிருந்து ஜோஸ்லின் வந்திருந்தார்.

நாற்காலியில் வந்தமர்ந்த சலோத்தேயின் முடியை மாணவி வசிதி தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, இது முடியா, தேங்கா நாரா? கத்தரி போதுமா, வெட்டுக்கத்தி கொண்டாரவா?"

"உனக்கெதுக்குடி கத்தரி? உங்க தீவுல பல்லாலதானே கடிச்சு வெட்டுவீங்க!"

'வாடிக்கையாளரிடம் மரியாதை: பூஜ்யம்' என்று எழுதிய ஜோஸ்லின், வசிதியைத் தனியே அழைத்தார்.

"இந்த வாயோட சொந்தக் கடை போட்டா ஈ கூட எட்டிப் பார்க்காது."

வசிதி நாற்காலிக்குத் திரும்பினாள். முடியை வாயே திறக்காமல் வெட்டி முடித்து, "நன்றிங்க மேடம், மறுபடியும் வாங்க" என்று தலைகுனிந்து சொன்னாள்.

சலோத்தேயின் முகம் சுண்டிப்போனது. நேராக ஜோஸ்லினிடம் வந்தார்.

"வெட்டு பிரமாதம். ஆனா அவ தீவுக்கும் எங்க தீவுக்கும் பாட்டன் காலத்துலேர்ந்து கேலி பேசுற முறை. பார்த்தா திட்டிக்கணும், அதான் எங்க உறவு. அவகிட்ட திட்டு வாங்கத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். அப்படி நான் என்னம்மா தப்பு பண்ணிட்டேன்? யாரோ மாதிரி மரியாதையா பேசி அனுப்புறாளே!"