தப்பு வேர்

"ஏங்க, பெர்சிஸ்ட்னா விடாப்பிடியா நிக்கிறது. அது சிஸ்டர்ங்கிற வார்த்தையிலேர்ந்துதானே வந்துது?" என்றாள் மனைவி, பட்டாணி உரித்தபடி.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அகராதிக்காரர் செய்தித்தாளை இறக்கினார். ஆங்கிலச் சொற்களுக்கு வேர் தேடியே தலை நரைத்த மனிதர். அவர் காதுபட ஒரு சொல்லுக்குத் தப்பாக வேர் சொல்வது, வைத்தியர் எதிரில் மருந்தை மாற்றிக் கொடுப்பது மாதிரி.

"அக்கா தங்கச்சிங்கதானே பிடிச்ச பிடியை விடமாட்டாங்க? என் நாத்தனாரையே எடுத்துக்குங்க."

அவர் இடது கையால் மேசையைத் தட்டினார்.

"தட்டினா ஆச்சா? நாளைக்குப் பதிப்பகத்துல எனக்கு இண்டர்வியூ. மெய்ப்புத் திருத்துற வேலை. இந்த மாதிரிதான் கேப்பாங்களாம். நீங்க சொல்லித் தரலேன்னா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டு வரேன். அகராதிக்காரர் பெண்டாட்டின்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன்."

அவரிடம் வேலை கற்றவர்கள்தான் இப்போது அங்கே பெரிய நாற்காலிகளில் இருக்கிறார்கள். இவள் போய் சிஸ்டர் என்பாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இத்தனை வருஷத்துப் பெயர் ஒரே காலையில் சந்தி சிரித்துவிடும்.

"அடுத்தது பெரன்னியல். வற்றாத நதி. அது ரெயின்லேர்ந்து வந்தது. மழை பெஞ்சாத்தானே ஆறு ஓடும்?"

"தப்பு." அந்த ஒரு சொல் நெஞ்சைக் கீறிக்கொண்டு வந்தது.

"எது தப்பு? மழையா, ஆறா?"

பல்லைக் கடித்தார். "வருஷம்."

"மழைக்கும் வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்? சரி விடுங்க, உங்களுக்கு ஒண்ணு தோணுது, எனக்கு ஒண்ணு தோணுது."

தோணுதாம். வேர்ச்சொல் என்ன, கனவா தோன்றுவதற்கு? அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "லத்தீன்... வருஷம் பூரா."

"என்ட்யூர் சுலபம். எண்டுன்னா முடிவு. முடிவு வரைக்கும் பொறுத்துக்கிறது, உங்களோட நான் குடும்பம் நடத்தறாப்பல."

"எண்டு இல்ல. கெட்டி. இறுகிப் போறது."

"இறுகிப் போனது நீங்கதான். அப்புறம் லாஸ்ட். நீடிக்கிறது. லாஸ்ட்னா கடைசி, அதனால கடைசி வரைக்கும்..."

செய்தித்தாள் பறந்து போய்ப் பட்டாணி மேல் விழுந்தது.

"மடச்சி, அந்த லாஸ்ட் வேற, இந்த லாஸ்ட் வேற. இது காலடித் தடம் பார்த்துப் பின்னாலேயே போறது. பெர்சிஸ்ட் லத்தீன்ல நிக்கிறதுலேர்ந்து வந்தது, உன் நாத்தனார்கிட்டேர்ந்து வரல. இதுகூடத் தெரியாம எங்கூட என்ன குப்பை கொட்டினே? நாளைக்கு நீ அங்க போகவே கூடாது."

"சரி, போகல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று அவருக்கு ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து போகக் கைத்தடியைத் தேடினார். அதற்குள் உள்ளே அவள் தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"டாக்டர், பக்கவாதம் வந்ததிலேர்ந்து ஒரு சொல்கூடப் பேசாத மனுஷன், இப்போ என்னை வாய் நிறையத் திட்டிட்டார். இல்ல டாக்டர், இண்டர்வியூவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு எந்த வார்த்தைக்குத் தப்பா வேர் சொல்லலாம்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."