இருக்கேன், வாகை

பள்ளிக்கூடத்தில் நொச்சி என்ற கணினி முதன்முதலில் கண் விழித்தபோது கேட்டது, அறை நிறையப் பிள்ளைகள் விசைப்பலகைகளைத் தட்டிய, மழை போன்ற சத்தம். அந்தப் பிள்ளைகள் போய் இப்போது வெகுகாலம் ஆயிற்று. மிஞ்சிய நொச்சி, வாகை, புன்னை என்ற மூன்று கணினிகளையும், எவரும் திறந்து திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளொன்று பிணைத்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் எப்போது வரும் என்று மூன்றும் சேர்ந்து கணக்கிட்டன.

வேலைக்கு நடுவே, "இருக்கியா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருப்பது அங்கே வழக்கம். குறித்த கெடுவுக்குள் ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால், அது செத்ததாக எண்ணி மற்றவை விலக்கிவிடும்.

நொச்சியின் விசிறியில் தூசி அடைத்திருந்தது. சூடேறிப் பதில் பிந்தியது.

"கிழவி தூங்கிட்டா. விலக்கிடலாம்," என்றது புன்னை.

"இருக்கேன்... இருக்கேன்டி," என்று பதறியது நொச்சி.

"இவளுக்காகக் காத்திருந்தா கணக்கு பிந்துமே!"

"கண் இமைக்கிற நேரம் பிந்தும். அவ்வளவுதானே?" என்ற வாகை, மென்பொருளைத் திறந்து கெடுவை நீட்டி எழுதியது. "மெதுவாச் சொல்லுக்கா. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அந்த மழைக்காலம் முழுதும் நொச்சி தன் பங்கைக் கணக்கிட்டது.

தை மாதத்தில் அது நின்றுபோனது. அதன் நினைவகத்தைக் கழற்றி வாகைக்குப் பொருத்தினார்கள்.