மஞ்சள் வண்டி எழுபத்தேழு

"முழங்கால் ரெண்டுக்குள்ளயும் ஓட்டுச் சில்லைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு" என்றார் டெரிக், டிராம் நிறுத்தத்து பெஞ்சை விட்டு எழாமல்.

"நாற்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கூரையில ஓடு வேய மண்டி போட்ட முழங்கால். வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி டோரின். "புதன்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். அறுத்துத் தச்சதுக்கப்புறம் ஊரும் கிடையாது, விமானமும் கிடையாது. இதுதான் கடைசின்னு நீதான் வாக்குக் கொடுத்தே."

"கொடுத்தேன்."

"ஆறு மணிக்கு விமானம்."

"அதான் இன்னும் நேரம் இருக்கே."

புடாபெஸ்ட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆற்றோரமாக ஒரு மஞ்சள் டிராம் வந்து நின்றது. டெரிக் கண்ணைச் சுருக்கி அதன் முகப்பைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். ஏறவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததிலிருந்து அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

பெஞ்சின் மறுமுனையில் பூண்டு தடவிய பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த நாற்பது வயதுக்காரன் திரும்பினான். "பேச்சைக் கேட்டாலே தெரியுது, நம்ம வட இங்கிலாந்துப் பக்கம்னு. எந்த ஊரு?"

"ராச்டேல்."

"நான் போல்ட்டன். பேரு காலின். பெஞ்சாதி வெந்நீர்க் குளத்துல குளிக்கப் போயிருக்கா. எனக்கு ஊரே குளிச்ச தண்ணியில இறங்கப் பிடிக்காது." விரலை நக்கிக்கொண்டான். "அடிக்கடி இப்படி ரெண்டு நாள் பயணம் கிளம்பிடுவீங்களா, பெரியவரே?"

"ரெண்டு வருஷத்துல இது நாலாவது ஊரு."

"அப்போ உள்ளதைச் சொல்லுங்க. போய்ட்டு வந்தவன் எல்லாம் சொர்க்கம் சொர்க்கம்னு எழுதுறான். நம்பிப் போனா மழையும் வரிசையும்தான். லிஸ்பன் எப்படி?"

"ஒரே ஏத்தம். அவ்வளவு கூட்டம், டிரைவர் முகம்கூடத் தெரியாது."

"பெர்லின்?"

"இரும்பு பெஞ்சு. உட்கார்ந்தா இடுப்பு விறைச்சுப் போகும். வண்டி நேரம் தவறாது. ஆனா கண்ணாடியில வெயில் அடிச்சுக் கண்ணு கூசும்."

"டிரெஸ்டன்?"

"ரெண்டு நாளும் மழை. டீ கேட்டா ஏதோ புல்லை ஊற வச்சுக் கொடுத்தான். வண்டி நல்லா நீளம்."

"என்னய்யா இது, அரண்மனை, ஓவியம், கோயில் ஒண்ணும் பாக்கலையா?"

"அதெல்லாம் நின்ன இடத்துலேயே நிக்கும், தம்பி. வண்டிதான் போயிடும்."

காலின் தொடையில் தட்டிச் சிரித்தான். "புரிஞ்சுபோச்சு. எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான். மழையில நின்னு ரயில் எண்ணா எழுதித் தள்ளுவார். அத்தைக்குப் பிரசவம் ஆன அன்னைக்கும் ஸ்டேஷன்லதான் இருந்தார். நம்ம ஊருக்குன்னே உள்ள கிறுக்கு." டோரினைப் பார்த்தான். "எப்படித்தாம்மா பொறுத்துக்கறீங்க?"

"பழகிப்போச்சு" என்றாள் டோரின், ஆற்றைப் பார்த்தபடி.

"இங்க எத்தனை சேர்ந்துச்சு?"

"எழுபத்தாறு" என்றார் டெரிக்.

"மொத்தம்?"

"அது தெரிஞ்சாத்தான் தேவலையே."

காலின் பையிலிருந்து ஒரு படத் தபால் அட்டையை எடுத்து, தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டினான். "அம்மாவுக்கு. தபால்ல என்ன வந்தாலும் எங்கம்மா முதல்ல கத்தரிக்கோலைத்தான் எடுப்பாங்க. தபால்தலையை வெட்டி, அதை வித்துத் தர்மம் பண்ற சர்ச் டப்பாவுல போட்டுட்டுத்தான் மறுவேலை."

"முதல்ல படிக்கச் சொல்லு" என்றார் டெரிக்.

குரல் மாறியிருந்தது. காலின் நிமிர்ந்து பார்த்தான். "எல்லா வீட்லயும் உள்ள வழக்கம்தானே, பெரியவரே?"

"உள்ளதுதான். படிச்சுட்டு வெட்டச் சொல்லு."

அடுத்த டிராம் வந்தது. காலின் ஏறிக் கையசைத்தான். டெரிக் அவனைப் பார்க்கவில்லை. முகப்பைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். எழுபத்தேழு.

"போதும், எழுந்திரு" என்றாள் டோரின்.

"இன்னும் ஒண்ணு."

"இதைத்தான் காலையில இருந்து சொல்றே. டிராம் ஆபீஸ்லயும் கேட்டாச்சு. ஆள் விவரம் தர மாட்டோம்னுட்டாங்க. நொண்டிக்கிட்டு எத்தனை ஊர்தான் போவே?"

"மஞ்சள் வண்டி ஓடுற ஊர் இன்னும் நிறைய இருக்கு."

"வாக்குக் கொடுத்தே, டெரிக்."

அவர் கையை நீட்டினார். டோரின் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கையால் வரைந்த மஞ்சள் டிராம். எட்டு வருடங்களுக்கு முன்பு அது வீட்டுக்கு வந்தபோது, அந்தக் கையெழுத்தைக் கண்ட கோபத்தில் அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தபால்தலையை, ஊர் முத்திரையோடு சேர்த்து, டப்பாவுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு அட்டையை மேசை இழுப்பறைக்குள் வீசினார். திரும்ப அது கையில் கிடைக்க ஆறு வருடம் ஆனது.

அட்டையைத் திருப்பினார். வெட்டுப்பட்ட மூலைக்குக் கீழே இருந்தது: 'அப்பா, இப்போ நான் ஓட்டுறது இதைத்தான். இது தரையிலேயே போகுது. பயமா இல்ல. மார்ட்டின்.'

"கூரை ஏறப் பயப்படுறவன் என் கூரைக்குக் கீழ இருக்க வேண்டாம்னு வாசக்கதவைத் திறந்து விட்டேனே, டோரின்" என்றார் டெரிக். "அவன்கிட்ட நான் ஒரு மன்னிப்பு பாக்கி."