சிகரத்துக்கு நூறு மீட்டர்

“எத்தனை பேர் செத்தாங்க சார்?” என்று ஆவலாகக் கேட்டார் பதிப்பாளர். மலையேற்ற விபத்துகளின் உண்மைக் கதைகள்தான் அவர் பதிப்பகத்துக்குச் சோறு போடுகின்றன.

“ஒருத்தரும் சாகலை” என்றார் தன் அனுபவத்தை எழுதிக் கொண்டுவந்திருந்த மலையேற்றக் குழுத் தலைவர். “சிகரத்துக்கு நூறு மீட்டர்தான் மிச்சம். ஆனா ரெண்டு மணி ஆயிடுச்சு. அதுக்கு மேல ஏறினா இருட்டுறதுக்குள்ள இறங்க முடியாது. எல்லாரையும் திருப்பிட்டேன். பின்னாடியே பனிப்புயல் வந்துச்சு.”

பதிப்பாளரின் முகம் தொங்கிப்போனது. “காரியத்தைக் கெடுத்தீங்களே! யாருமே அடம் பிடிக்கலையா?”

“ஒரு பொண்ணு பிடிச்சா. வீட்டுல ஆபீஸ் டிரெயினிங்னு புளுகிட்டு வந்தவ. தரதரன்னு இழுத்துக்கிட்டு இறங்கினேன்.”

“அவளை அங்கேயே விட்டிருந்தா புத்தகம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துத் திருப்பியிருந்தா என்னவாம்?” என்று காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார் பதிப்பாளர்.

ஆபீஸ் விட்டு வரும் வழியில், வீட்டுச் சாவி வாங்க உள்ளே நுழைந்தாள் பதிப்பாளரின் மகள். தலைவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அடடே, நீயாம்மா! பனியில தோலுரிஞ்ச மூக்கு ஆறிடுச்சா?” என்றார் தலைவர்.

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன மாதம் ‘டிரெயினிங்’ முடிந்து அவள் உரிந்த மூக்கோடு வீட்டுக்கு வந்தது பதிப்பாளருக்கு நினைவு வந்தது. தள்ளிய கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஏன் சார்” என்றார். “ரெண்டு மணி வரைக்கும் ஏன் விட்டீங்க? ஒரு மணிக்கே திருப்பியிருக்கக் கூடாதா?”