எதிரி தரப்பு

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பல்கலைக்கழகக் குற்றவியல் நீதித் துறையின் இரண்டாம் மாடிக் கூடத்தில் மாதிரி நீதிமன்றம் கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை ஏற்றார்.

மிக நன்றாக வாதாடும் மாணவருக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஓராண்டுப் பயிற்சி. இடம் ஒன்றுதான்.

தங்கை கறுப்புக் கோட்டில் நின்றாள். கோட்டு அக்காவுடையது.

அக்கா கூண்டில் நின்றாள். கைக்கடிகாரம் திருடிய கடை ஊழியர் வேடம். இரண்டு வாரம் முன்பு நடந்த சீட்டுக் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது அதுதான்.

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். படியேறும்போதே தங்கை அதை வைத்துக் கிண்டல் செய்திருந்தாள்.

"இன்னிக்கு நீதான்க்கா எதிரி. ஆனா பயப்படாத, உன் வக்கீல் நான்."

அக்கா சிரித்துவைத்தாள்.

இந்தப் படிப்பைத் தேடிக் கண்டுபிடித்தவள் அக்கா. நுழைவுத் தேர்வுக்குத் தங்கையைத் தயார் செய்தவளும் அவளே. அக்கா ஒரு தாளில் கோட்டைவிட்டு ஓராண்டு பின்தங்கியதில் இருவரும் ஒரே வகுப்பில் வந்து நின்றார்கள். இப்போது துறையில் அவளுக்குப் பெயரே "அவளோட அக்கா". தொலைபேசியில் அம்மாகூட முதலில் சின்னவளின் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறாள்.

போன வாரம் முழுக்கத் தங்கை குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி "கருணை" என்ற சொல் மட்டும் அடிக்கடி வெளியே வந்தது. அக்கா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்து முடித்தார். வழக்குக் குறிப்பின்படி எதிரி மறுக்க வேண்டும். மறுத்தால்தான் சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒப்புக்கிறேன்," என்றாள் அக்கா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். யாராவது மிரட்டிச் சொல்லவைத்தார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றாள். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள்.

வழக்கு அங்கேயே முடிந்தது. சாட்சியாக நடிக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்த வயிறு அக்காவுக்குச் சற்றுக் குளிர்ந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். ஒப்புக்கொண்டாலும் தண்டனையின் அளவு குறித்து எதிரி தரப்பு பேசலாம், ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

தங்கை உடனே தொடங்கினாள். கையில் காகிதம் இல்லை. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

இது முதல் குற்றம் என்றாள். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கடிகாரத்து மேல எதிரிக்கு ஆசையே இல்லைங்க ஐயா. அவங்களே கூட்டிட்டு வந்து, தொழில் சொல்லிக்கொடுத்த பொண்ணு ஒருத்தி அவங்களத் தாண்டிப் போயிட்டா. அது அந்தப் பொண்ணு கைக்குப் போயிடக் கூடாது. அவ்வளவுதான். அவங்களுக்குக் கருணை காட்டணும்."

வழக்குக் குறிப்பில் அப்படி ஒரு பெண்ணே இல்லை.

அக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குற்றமே செய்யவில்லை என்று வாதாட வேண்டியவள், ஒரு வாரமாகக் கருணை கேட்டு ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

கூடம் கைதட்டியது. தங்கை கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.

பயிற்சி இடம் எதிரி தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைத்தது. எதிரி நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டாள்.