விமானம் ஏறாத இதயம்

முன்பனிக்காலம், காலை ஒன்பது மணி. விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் செய்யக் கையெழுத்திட்ட தந்தை, எழுந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன். அவன் இதயத்தை வீணாக்கிடாதீங்க."

அவர் வெளியேறியதும், இளம் டாக்டர் கணினித் திரையில் இரு நகரங்களுக்கிடையே கோடு இழுத்தார்.

"ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்துல ரெண்டரை மணி நேரம். வெளியே எடுத்த இதயம் நாலு மணி நேரம் தாங்கும். தாராளமாப் போயிடலாம்!"

உறுப்புதானப் பிரிவின் பொறுப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'.

"ஸ்கேல் வெச்சு அளந்தா அவ்வளவுதான் வரும், டாக்டர். இங்கேயிருந்து விமான நிலையம் அரை மணி. அங்கே இறங்கி ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி. அப்புறம் வெச்சுத் தைக்க ஒரு மணி. கூட்டுங்க."

டாக்டர் கூட்டினார். முகம் சுருங்கியது.

"சிலது அஞ்சு மணி நேரம்கூடத் தாங்கியிருக்கு, மேடம்."

"பலது தாங்கலை."

காத்திருப்போர் பட்டியலில் பெயர்கள் இருப்பதில்லை. வயதும் ஊரும் மட்டுமே. டாக்டர் அதைத் தட்டிக் காட்டினார்.

"முதல்ல இருக்கிறவர் அந்த ஊர்ல. வயசு முப்பத்தஞ்சு. இந்த மாசம் தாண்ட மாட்டார்னு அங்கே சொல்றாங்க. அடுத்தவர் உள்ளூர், அறுபது வயசு. வாழ்ந்து முடிச்சவர்!"

"வாழ்ந்து முடிச்சாரான்னு அவரைத்தான் கேட்கணும்."

"எப்படி இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? முப்பத்தஞ்சு வயசுங்கிறது உங்களுக்கு வெறும் நம்பர்!"

அம்மாள் தொலைபேசியை எடுத்தார். "உள்ளூர்க்காரரைத் தயார் பண்ணுங்க" என்றார். குரல் பிசிறவில்லை.

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறிய டாக்டர், கேன்டீனில் நான்கு பேர் காதுபடச் சொன்னார்: "மனுஷியா அது? மெஷின்!"

பிற்பகலுக்குள் அந்த இதயம் பெரியவரின் மார்பில் துடித்தது. தந்தையிடம் போய்ச் சொன்னபோதும் டாக்டரின் வாய்க்கசப்பு தீரவில்லை.

மறுவாரம் அந்தத் தூரத்து ஊரிலிருந்து தகவல் வந்தது. டாக்டர் நேரே அம்மாளின் அறைக்குள் நுழைந்தார். அம்மாள் மேசை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமா, மேடம்? பட்டியல்ல ஒருத்தர் குறைஞ்சாச்சு. அந்த முப்பத்தஞ்சு வயசுக்காரர் போயிட்டார்."

"தெரியும், டாக்டர். விடியக்காலையில தம்பி பொண்டாட்டி போன் பண்ணினா."

அம்மாள் சாவியைக் கைப்பையில் போட்டார்.

"என் கையில அவ்வளவு பணம் இல்லை. இன்னிக்கு விமானத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தர முடியுமா?"

டாக்டர் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்தார். அந்தத் தொகையை அம்மாள் அடுத்த சம்பள நாளன்று, டாக்டர் எவ்வளவு மறுத்தும் கேளாமல், முழுதாக அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.