ஓரத்தை மட்டும் வெட்டணும்

நாரணாபுரம் ரோட்டு ஸ்டுடியோவில், பள்ளி விளையாட்டு விழாப் படங்களுக்கு வந்த ஆர்டரை வகுப்புவாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள் மாரிசெல்வி. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"தாயி, அந்த ஓட்டப்பந்தயப் படத்துல ஓரத்தை மட்டும் வெட்டிரணும்."

"அந்தப் படத்துக்குத்தாங்க ஆர்டர் அதிகம். எதுக்கு வெட்டணும்?" என்றபடி படத்தைத் திரையில் திறந்தாள்.

பந்தயத்தைத் தொடங்கிவைக்க வெடி போட்ட நொடியில் எடுத்த படம். பிள்ளைகள் எல்லாம் சிட்டாய்ப் பறக்க, அவர்களுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஓர் உருவம் மட்டும் குத்தவைத்து, காதைப் பொத்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

மாரிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பட்டாசு ஊர்ல பிறந்துட்டு ஒத்த வெடிக்கு இம்புட்டுப் பயமா? ஓடவே மறந்துபோச்சே!"

"சிரிக்காத தாயி. இது வீடு வீடாப் போச்சுன்னா மானம் போயிரும்."

"பச்சப்புள்ளைக்கு என்னங்க மானம்? இதுக்குப் போயி வீட்ல திட்டிராதீக."

"அதெல்லாம் இல்ல. நீ வெட்டிரு."

"சரி, எந்த வகுப்புன்னு சொல்லுங்க. அதைப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும்."

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வகுப்பு இல்ல தாயி. சீஃப் கெஸ்ட்டு."

மாரிசெல்வி அவசரமாகப் படத்தைப் பெரிதாக்கினாள். குனிந்திருந்த தோளில் பொன்னாடை பளபளத்தது; அதற்கடியில் அதே வெள்ளைச் சட்டை.

"அப்ப... அந்த வெடி?"

"நம்ம கம்பெனிச் சரக்குதான்" என்றார், பட்டாசு ஆலை முதலாளி சீனிவாசகம். சட்டென்று முகத்தில் ஒரு பெருமிதம். "சத்தம் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாக."